கலெக்டர் என்கிற வழக்குச் சொத்து

ஏப்ரல் 9

இந்த டைரி போன வருடத்துடையது. அம்மா பேக்கிங் வேலை செய்யும் சாக்லெட் கடையில் ஒன்று மிஞ்சிப் போயிற்று. "பேசாத பிள்ளைக்கு எழுதவாவது ஒரு இடம் இருக்கட்டும்" என்று முதலாளியம்மா கொடுத்தனுப்பினாராம். தேதி சரி, கிழமைதான் தப்பு. அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

என் பெயர் செலின். வயது பதினாறு. ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றேன். யாரும் நிறுத்தவில்லை. காலை வழிபாட்டில் செய்தி வாசிக்க என் முறை வந்த அன்று வயிற்றுவலி என்றேன். மறுநாளும் என் முறைதான் என்றார்கள். அதற்கு மறுநாளும் வயிறு வலித்தது. அப்படியே ஒரு மாதம் ஓடிவிட்டது.

இப்போது எங்கள் மலையூரில், டூரிஸ்டுகளுக்குக் குதிரை சவாரி விடும் அப்பாவோடு ஏரி ரோட்டுக்குப் போகிறேன். சின்னப் பிள்ளைகள் ஏறினால் கயிற்றைப் பிடித்து நடப்பது நான். குதிரையின் பெயர் கலெக்டர். குட்டியாக வாங்கி வந்தபோது எல்லாரும் வரிசையாக வந்து நின்ற பிறகுதான் அடி எடுத்து வைப்பானாம். அதனால் அப்பா வைத்த பெயர்.

ஏப்ரல் 13

கூட்டம். பதினான்கு சவாரி போனோம். கலெக்டரின் வாலுக்குக் கீழே சாணிப் பை கட்டவேண்டும் என்று இந்த வருடம் உத்தரவு. பச்சைப் பைதான் கட்டவேண்டுமாம். நாங்கள் நீலம் கட்டியிருந்தோம். நகராட்சிக்காரர் ஒருவர் வந்து எழுதிக்கொண்டு போனார்.

அப்பாவுக்கு ஏரி ரோட்டில் ஒரே ஒரு சட்டம்தான். "இங்க வர்றவங்க சந்தோசமா இருக்க வந்திருக்காங்க பாப்பா. அவங்க என்ன கேட்டாலும் ஆமான்னு சொல்லு. இல்லைங்கிற பேச்சே நம்மகிட்ட வேணாம்." இது படத்தில் நடித்த குதிரையா என்று தினமும் நாலு பேராவது கேட்பார்கள். நான் தலையாட்டுவேன். பேசவேண்டியதில்லை என்பதால் எனக்கும் அது வசதி.

ஏப்ரல் 16

இன்று ஒரு மேடம் ஏரி ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து கலெக்டரைப் போனில் வீடியோ எடுத்தார். கலெக்டர் அப்போது நின்றபடி தூங்கிக்கொண்டிருந்தான். அப்பா டீக்கடைக்குப் போயிருந்தார். மேடம் சிரித்துக்கொண்டே என்னிடம் நிறையக் கேட்டார். தலையாட்டினேன். கலெக்டருக்கு ஒரு கேரட் கொடுத்துவிட்டுப் போனார்.

அம்மாவுக்கு விரலில் சூடான சாக்லெட் பட்டுக் கொப்புளம்.

ஏப்ரல் 18

கலெக்டரைக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஏப்ரல் 19

நேற்று எழுத முடியவில்லை. காலை பத்து மணிக்கு இரண்டு போலீஸ்காரர்களும் அந்த மேடமும் ஒரு மூடிய வண்டியும் வந்தார்கள். மேடத்தின் பெயர் வசுந்தரா. ஜீவநேயம் என்கிற அறக்கட்டளை வைத்திருக்கிறார். மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் அப்பா மீது புகார். நொண்டிக் குதிரையை வைத்துச் சவாரி நடத்துகிறார், முதுகில் காயத் தழும்பு இருக்கிறது, அடிக்கிறார் என்று.

கலெக்டர் வண்டியில் ஏற மறுத்தான். எல்லாரும் வரிசையாக நிற்கவில்லை என்று நினைத்தானோ என்னவோ. கடைசியில் அப்பாவேதான் கழுத்தைத் தட்டி ஏற்றிவிட்டார்.

வழக்கு முடியும்வரை மலைக்குக் கீழே அவர்களுடைய காப்பகத்தில் இருப்பானாம். கீழே இப்போது சித்திரை வெயில். கலெக்டருக்கு ஆட்டுக்கம்பளி மாதிரி முடி. பிறந்ததிலிருந்து மலையை விட்டு இறங்கியதே இல்லை.

ஏப்ரல் 21

அப்பாவோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். பிடித்துக்கொண்டு போன குதிரையைப் பற்றி ரைட்டர் ஒரு படிவம் நிரப்பினார்.

"பேரு?"

"சூசைமாணிக்கம்ங்க."

"ஒன் பேரு இல்லய்யா, குதிரை பேரு."

"கலெக்டர்."

ரைட்டர் பேனாவைக் கீழே வைத்தார். "யோவ், இந்த பேப்பர் எங்கெங்க போகும் தெரியுமா? கலெக்டர் ஆபீசுக்கும் ஒரு காப்பி போகும். கலெக்டருக்கு வயது ஒன்பது, நிறம் பழுப்பு, பின்னங்கால் நொண்டின்னு நான் எழுதி அனுப்பவா?"

"வேற பேரு சொன்னா அவன் திரும்பிப் பாக்க மாட்டானேங்கய்யா."

ரைட்டர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கோடு போட்டுவிட்டு, "வழக்குச் சொத்து எண் ஒன்று" என்று எழுதினார்.

புகாரின் நகலையும் கொடுத்தார்கள். அப்பாவுக்கு வாசிக்க வராது. வரும்போது பஸ்ஸில் நான் வாசித்துக் காட்டினேன். கடைசி வரிக்கு முன்னால் நிறுத்திக்கொண்டேன். இறங்கவேண்டிய இடம் வந்துவிட்டது.

ஏப்ரல் 23

புகார் கொடுக்க வைத்தது துரைப்பாண்டி மாமாதான் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். மாமாவுக்கு இரண்டு குதிரைகள். போன மாதம் சவாரி வரிசையில் யார் முன்னால் நிற்பது என்று இருவருக்கும் சண்டை வந்தது. இன்று ஏரி ரோட்டில் எல்லார் முன்னாலும் அப்பா கத்தினார்.

"ஏன்டா, ஒரு ரவுண்டு முன்ன பின்ன போனதுக்கு என் குதிரைய ஜெயில்ல போடுவியா?"

"நான் எதுக்குய்யா போடப் போறேன்? நாளைக்கு என் குதிரையையும் அவங்க தூக்க மாட்டாங்களா?"

"நடிக்காத!"

மாமா என்னைப் பார்த்தார். "நீ சொல்லு புள்ள. நானா போயிச் சொன்னேன்?"

தலையை மட்டும் ஆட்டினேன் போலிருக்கிறது. அப்பா, "பாத்தியா, எம்புள்ளையே சொல்லுது" என்றார்.

ராத்திரி நான் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 30

கோர்ட். எங்கள் வக்கீல் பெயர் பெருமாள்சாமி. குதிரையைத் திருப்பிக் கேட்டு மனு போட்டிருக்கிறார். மாஜிஸ்ட்ரேட் ஒரு அம்மா. கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறார். கலெக்டர் நலம் என்று நாங்கள் கொடுத்த கால்நடை டாக்டரின் சான்றிதழ் பழைய படிவத்தில் இருக்கிறது என்று அரசு வக்கீல் சொன்னார். மே 15க்குத் தள்ளி வைத்தார்கள்.

அப்பா ஒருவருடைய சோள வண்டியில் சோளம் சுடுகிறார். குதிரை போல ஒரு இடத்தில் நிற்க அவருக்கு வரவில்லை. கருக்கிவிடுகிறார்.

மே 8

கீழே போய்க் கலெக்டரைப் பார்த்தோம். மூன்று மணி நேர பஸ். கொண்டை ஊசி வளைவுகளில் அப்பா வாந்தி எடுத்தார்.

காப்பகம் மோசமில்லை. சுத்தமாக இருக்கிறது. தகரக் கொட்டகையில் மின்விசிறி போட்டிருக்கிறார்கள். அங்கே வேலை பார்க்கும் ராக்கம்மா அக்கா ஈரச் சாக்கை அவன் முதுகில் போட்டுவிடுகிறாராம். ஆனால் வழக்குச் சொத்தைக் கட்சிக்காரர்கள் தொடக்கூடாது என்று எழுதிப் போட்டிருக்கிறது. வேலிக்கு வெளியே நின்றோம்.

கலெக்டர் அப்பாவின் குரலைக் கேட்டு வந்தான். விலா எலும்பை எண்ணலாம். கழுத்து முடி வியர்வையில் சடை பிடித்திருந்தது.

"திங்கவே மாட்டேங்குதாக்கா?" என்று அப்பா கேட்டார்.

"கொஞ்சூண்டு கொறிக்குதுண்ணே. ஆனா ஒண்ணு, கால் சரியாப்போச்சு. வந்தப்ப ஒரு காலத் தூக்கித் தூக்கி நின்னுச்சாம், மேடம் வீடியோ காட்டுனாங்க. இப்பப் பாருங்க, நாலு காலையும் கெட்டியா ஊனிக்கிட்டு நிக்குது. எங்க வைத்தியத்துல கொணமாயிருச்சுன்னு ரிப்போர்ட்டே எழுதியாச்சு."

அப்பா அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரம் நின்றோம். நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலு காலும் தரையில்தான் இருந்தது.

வரும் வழியில் அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "அவன் தூங்கல பாப்பா" என்றார்.

கலெக்டர் தூங்கும்போது ஒரு பின்னங்காலை மடக்கி, குளம்பு நுனி மட்டும் தரையில் படும்படி நிற்பான். எல்லாக் குதிரையும் அப்படித்தான். மேடம் எடுத்த வீடியோவில் இருந்தது நொண்டி இல்லை, தூக்கம். முதுகிலிருக்கும் வெள்ளைத் தழும்பு நாங்கள் வாங்குவதற்கு முன்பே, யாரோ சின்னக் குட்டி மேல் மூட்டை ஏற்றியதால் வந்தது.

மே 9

புகாரின் கடைசி வரியை அப்பாவுக்கு இன்னும் வாசிக்கவில்லை.

மே 15

கோர்ட். புதுப் படிவத்தில் சான்றிதழ் வேண்டுமென்றால் குதிரையின் தோலுக்கு அடியில் அரிசி அளவு சிப் இருக்கவேண்டும். அதன் எண்ணை எழுதாமல் படிவம் செல்லாது. சிப் போடுவது எங்கள் ஊர் கால்நடை ஆஸ்பத்திரியில் மட்டும்தான், அதுவும் குதிரையை நேரில் கூட்டிவந்தால்தான். குதிரையை வெளியே அனுப்பக் காப்பகத்துக்குக் கோர்ட் உத்தரவு வேண்டும். உத்தரவு போட கோர்ட்டுக்குச் சான்றிதழ் வேண்டும்.

வக்கீல் இதை ஒரு பேப்பரில் வட்டமாக வரைந்து அப்பாவுக்கு விளக்கினார். அப்பா பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஏரி ரோடு மாதிரியில்ல இருக்கு. எங்கிட்டுப் போனாலும் கெளம்புன எடத்துக்கே வருது" என்றார்.

வக்கீல் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார்: "வசுந்தரா மேடம் கெட்டவங்க இல்லய்யா. படிவத்துக்குக்கூட ஒரு வழி பண்ணிரலாம். அந்த வீடியோதான் இடிக்குது. உங்க பொண்ணே ஒத்துக்கிச்சுன்னு இருக்கே."

அப்பா, "எந்தப் பொண்ணு?" என்றார்.

அந்த நேரம் பார்த்து வக்கீலை வேறு வழக்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அடுத்த தேதி 29.

மே 16

அப்பா கேட்கவில்லை. காத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

மே 20

மழை. ராக்கம்மா அக்காவுக்குப் போன் போட்டோம். கீழே மழை இல்லை. நேற்று கலெக்டர் முன்னங்கால் மடங்கி விழுந்து எழுந்தானாம். குளுக்கோஸ் ஏற்றினார்களாம். வசுந்தரா மேடம் ராத்திரி முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம்.

"இன்னும் பத்து நாள் இந்த வெயில்ல தாங்குமான்னு தெரியலண்ணே" என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

மே 21

அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

காலையில் அவர் சோளம் உரித்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தேன். ஆறு சோளம் உரித்த பிறகுதான் வாய் வந்தது. புகாரை எடுத்துக் கடைசி வரியை வாசித்தேன். "மேற்படி குதிரை அடிக்கப்படுவதையும் அதற்குக் கால் வலி இருப்பதையும் உரிமையாளரின் மகளே காணொளியில் ஒப்புக்கொண்டுள்ளார்."

அன்று மேடம் கேட்டது எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டினேன். படத்தில் நடித்த குதிரையா, ஆமாம். அரபு நாட்டுக் குதிரையா, ஆமாம். நாள் முழுக்க நடப்பானா, ஆமாம். கால் வலிக்குமா, ஆமாம். ஓடாவிட்டால் அடிப்பீர்களா, ஆமாம். கடைசி இரண்டும் காதில் விழுந்ததே தலை ஆடிய பிறகுதான். திருத்திச் சொல்ல வாய் வரவில்லை. அதற்குள் அவர் கேரட்டை எடுத்து நீட்டிவிட்டார்.

துரைப்பாண்டி மாமா கேட்டபோதும் அப்படித்தான் ஆட்டினேன் என்று சொன்னேன்.

அப்பா கையிலிருந்த சோளத்தை முழுசாக உரித்து முடித்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் யாரையும் அடித்ததில்லை.

"நான்தானே பாப்பா சொல்லிக் குடுத்தேன்" என்றார். "எது கேட்டாலும் ஆமான்னு சொல்லுன்னு."

பிறகு, "அந்த மேடம் மொத்தம் எத்தனை கேள்வி கேட்டாங்க?" என்றார்.

"பத்துக்கு மேல."

"கோர்ட்டுல குடுத்த வீடியோல எத்தனை இருக்கு?"

எனக்குத் தெரியாது. வக்கீலுக்குப் போன் போட்டோம். இரண்டுதான் இருக்கிறதாம்.

"முழுசாப் பாத்தா யாருக்கும் புரியும்" என்றார் வக்கீல். "ஆனா பொண்ணு வந்து நின்னு பேசணும்."

மே 22

கலெக்டரைத் திருப்பித் தருவதென்றால் ஜாமீனாக, லைசென்ஸ் வைத்திருக்கும் இன்னொரு குதிரைக்காரர் கையெழுத்துப் போடவேண்டுமாம். அப்பா, அம்மாவின் கடையிலிருந்து ஒரு டப்பா சாக்லெட் வாங்கிக்கொண்டு துரைப்பாண்டி மாமா வீட்டுக்குப் போனார். என்னையும் கூட்டிப்போனார்.

மாமா கதவைத் திறந்து இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "என்ன சூச, ஒரு மாசமா என்னையப் பாத்தா கழுத்து அந்தப் பக்கமா திரும்பிக்கிரும். சுளுக்கு எடுத்தாச்சோ?"

"எடுத்தாச்சு. தப்பு என் மேலதான்."

"என் மேல" என்றேன் நான். மெதுவாகத்தான் சொன்னேன். மாமாவுக்குக் கேட்டுவிட்டது.

"அட, இது பேசுமா!" என்று சாக்லெட் டப்பாவை வாங்கிக்கொண்டார். "சரி, எங்க கையெழுத்துப் போடணும்? மொதல்ல இதுல முந்திரி இருக்கான்னு பாத்துக்கிறேன்."

மே 28

நாளைக்குக் கோர்ட். மூன்று ராத்திரியாகப் பயிற்சி. அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே திடீர் திடீரென்று கேட்பாள்.

"ஏ செலினு, நீ பறப்பியா?"

தலை ஆடிவிட்டது. அம்மா கரண்டியைக் காட்டினாள்.

"இல்லை" என்றேன்.

"உங்கப்பாவுக்கு சோளம் சுட வருமா?"

"இல்லை."

இதற்கு மட்டும் உடனே வந்துவிட்டது. அப்பாவும் சிரித்தார்.

மே 29

எல்லாவற்றையும் எழுதவேண்டும்.

பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். அரசு வக்கீல் வீடியோவைப் போட்டார். கலெக்டர் ஒரு கால் மடக்கி நிற்கிறான். பக்கத்தில் நான். "கால் வலிக்குமாம்மா?" தலையாட்டுகிறேன். "ஓடலன்னா அடிப்பீங்களா?" தலையாட்டுகிறேன். அவ்வளவுதான். என்னைப் பார்க்க எனக்கே கோபம் வந்தது.

எங்கள் வக்கீல் எழுந்து முழு வீடியோவையும் பார்க்கவேண்டும் என்றார். மாஜிஸ்ட்ரேட் அம்மா வசுந்தரா மேடத்தைப் பார்த்தார்.

"இருக்கு மேடம், என் போன்லயே இருக்கு" என்றார் வசுந்தரா மேடம். "மறைக்கணும்னு இல்ல. பெரிய ஃபைல் ஏத்த முடியலன்னு ஆபீஸ்ல தேவையானத மட்டும் வெட்டிக் குடுத்தாங்க."

போனைப் பெரிய திரையில் இணைத்தார்கள். அவருடைய குரலே கேட்டது. "இது படத்துல வந்த குதிரையா?" நான் தலையாட்டினேன். "அரபு நாட்டுக் குதிரையோ?" தலையாட்டினேன். "ராஜா வீட்டுல வளந்ததுன்னு ஒருத்தர் சொன்னாரே?" தலையாட்டினேன். "ஏரிக்குள்ள நீச்சல்கூட அடிக்குமாமே?" அதற்கும் ஆட்டினேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும். மாஜிஸ்ட்ரேட் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வசுந்தரா மேடம் மட்டும் சிரிக்கவில்லை. தன் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் பொண்ணு வந்திருக்கா? முன்னால வாம்மா."

போனேன்.

"வீடியோல இருக்கிறது நீதானே?"

தலையாட்டினேன். அது உண்மை.

"உங்கப்பா குதிரையை அடிப்பாரா?"

கழுத்து தானாக முன்னால் போனது. இரண்டு கைகளாலும் தாடையைப் பிடித்துக்கொண்டேன். அப்படிப் பிடித்துக்கொண்டே, "இல்லைங்க" என்றேன்.

"சத்தமா சொல்லும்மா. எழுதிக்கணும்."

"இல்லை."

அந்தச் சுவர்களில் என் குரல் பட்டுத் திரும்பி வந்தது. அது அவ்வளவு பெரியதென்று எனக்குத் தெரியாது. நிறுத்த முடியவில்லை.

"அவனுக்குக் கால் வலி இல்லைங்க. தூங்குறப்ப ஒரு கால மடக்கிக்குவான். காப்பகத்துல நாலு காலும் ஊனி நிக்கிறான், கொணமாயிருச்சுன்னு எழுதிட்டாங்க. கொணமாகல. அங்க போனதுலேர்ந்து அவன் தூங்கவே இல்லை."

வசுந்தரா மேடம் கையை உயர்த்தினார். "மேடம், அது சரியா இருக்கலாம். ராத்திரி நான் கூடவே இருந்தேன். ஒரு தடவகூட அது கண்ண மூடல. குதிரையை அனுப்ப எங்களுக்கு ஆட்சேபணை இல்ல." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் கண் சிவந்திருந்தது.

அரசு வக்கீல் படிவம், சிப் என்று தொடங்கினார். "குதிரை முதல்ல உசுரோட ஊர் வந்து சேரட்டும், அப்புறம் சிப் போடுங்க" என்றார் மாஜிஸ்ட்ரேட் அம்மா. கலெக்டரை எங்களிடம் அனுப்ப உத்தரவு. பதினைந்து நாளில் சிப், மாதம் ஒரு முறை கால்நடை டாக்டர் பரிசோதனை, அப்பாவும் துரைப்பாண்டி மாமாவும் கையெழுத்து. வழக்கு முடியவில்லை. அடுத்த தேதி ஆகஸ்டில்.

வெளியே வந்ததும் மாமா என் தலையைத் தட்டி, "சூச, இனிமே இவள டீக்கடைக்கு அனுப்பு, நீ குதிரைகிட்ட நில்லு. கோர்ட்டுல பேசுற மாதிரி டூரிஸ்டுகிட்ட பேசுனா நமக்கு ஏவாரம் படுத்துரும்" என்றார்.

மே 31

கலெக்டரைக் கூட்டி வந்தோம். இறக்கியதும் வண்டியைச் சுற்றி மோந்து பார்த்தான். அப்பா, அம்மா, மாமா, நான் நால்வரும் வரிசையாக நின்ற பிறகு நடந்தான்.

இரவு மழை பிடித்துக்கொண்டது. கொட்டகையில் எட்டிப் பார்த்தேன். இடது பின்னங்கால் மடங்கியிருந்தது.

ஜூன் 12

சிப் போட்டாயிற்று. பச்சைப் பை வாங்கியாயிற்று. லைசென்ஸ் அட்டையில் பெயர் எழுதும் இடத்தில் நகராட்சிக்காரர் யோசித்துவிட்டு, "கலெக்ட்டர்" என்று ஒரு ஒற்று கூடுதலாகப் போட்டுக் கொடுத்தார். இதற்கு யாரும் ஆட்சேபணை செய்ய முடியாதாம்.

வசுந்தரா மேடம் வந்தார். கையில் கேரட். கலெக்டரைத் தொடலாமா என்று கேட்டார். நான் தலையாட்டினேன். கழுத்து முடியைச் சிக்கெடுத்துக்கொண்டே, "உன்கிட்ட கேள்வி கேட்டா ரெண்டு தடவை கேக்கணும் போல" என்றார். பிறகு மாமாவின் இரண்டு குதிரைகளையும் போய்ப் பார்த்தார். மாமா பயந்து, பை பச்சையா என்று வாலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 15

இன்றிலிருந்து மறுபடி சவாரி. கொஞ்ச நாளைக்குச் சின்னப் பிள்ளைகள் மட்டும்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மத்தியானம் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கலெக்டர் வேலி ஓரமாகக் காலை மடக்கிக்கொண்டு நின்றான். அந்த அப்பா என்னைக் கேட்டார், "ஏம்மா, இந்தக் குதிரைக்குக் கால்ல ஏதும் அடியா?"

"இல்லை" என்றேன். "தூங்குறான். அஞ்சு நிமிசம் இருங்க."

அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.